பதினேழாவது கேள்வி

லோகன் நாற்பத்து மூன்று வயதில் மறுபடியும் மாணவன் ஆனான். மலேசியாவின் ஷா ஆலமில் ஒரு சரக்குக் கிடங்கில் சரக்கைச் சரிபார்க்கும் செக்கராகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, கடைசியில் ஓப்பரேஷன் மேனேஜராக உயர்ந்தவன். உனக்கு அனுபவம் இருக்கிறது, பட்டம்தான் குறைகிறது என்று முதலாளி மிஸ்டர் டான் ஒருநாள் சொன்னார். வணிக நிர்வாகத்தையும் தலைமைத்துவத்தையும் சேர்த்துப் படிக்கும் இரண்டு வருட முதுகலைப் படிப்பு. கம்பெனியே அனுப்பியது.

வீடு கிள்ளானில். சனிக்கிழமை காலையில் கொமுட்டர் ரயில் ஏறி கே.எல். சென்ட்ரலில் இறங்குவான். பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைகளைத் தாண்டி நடந்தால் ஒரு பழைய கட்டடத்தின் ஐந்தாவது மாடியில் கல்லூரி. முதல் நாள் புதுப் பையை மாட்டிக்கொண்டு கிளம்பியபோது மனைவி ரோகிணி அவனை வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்து, சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினாள். "என்னமோ முதல் வகுப்புக்குப் போற புள்ள மாதிரி," என்று அவன் அலுத்துக்கொண்டாலும், ரயிலில் உட்கார்ந்து அந்தப் படத்தை நாலைந்து தடவை எடுத்துப் பார்த்தான்.

மூன்றாவது பருவத்தில் நெருக்கடி காலத் தலைமையைப் பற்றி ஒரு பாடம் வந்தது. நடத்தியவர் டாக்டர் நஸ்ரின். பல வருடம் வங்கியில் வேலை பார்த்துவிட்டுக் கற்பிக்க வந்தவர். அதிகம் சிரிக்க மாட்டார். ஆனால் மாணவர்கள் எழுதித் தருவதை ஒரு வரி விடாமல் படிப்பவர். அவர் கொடுத்த கட்டுரை இதுதான்: நீங்கள் முன்னின்று சமாளித்த ஒரு நெருக்கடியை எழுதுங்கள். என்ன நடந்தது, என்ன முடிவெடுத்தீர்கள், ஏன் அப்படி எடுத்தீர்கள்.

லோகனுக்கு ஒரே ஒரு நெருக்கடிதான் நினைவுக்கு வந்தது. மூன்று வருடங்களுக்கு முந்தைய டிசம்பர் வெள்ளம்.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே மழை விடவில்லை. மதியம் இரண்டு மணிக்கு லோரிகள் வந்து நிற்கும் இடத்தில் தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. அன்றைய ஷிப்டில் பதினொரு பேர். அவர்களுக்குப் பொறுப்பாக இருந்தவன் லோகன். "காரை மேட்டுல விட்டுட்டு வந்துடறேன்க்கா. கதவை எல்லாம் இறக்கி வைங்க," என்று பேக்கிங் பகுதியின் லீடர் அஞ்சம்மாளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினான். திரும்பி வரும் எண்ணத்தோடுதான் போனான். நெடுஞ்சாலையை ஒட்டிய மேட்டில் காரை நிறுத்திவிட்டுப் பார்த்தால், கிடங்குக்குப் போகும் சாலை பழுப்பு நிறத்தில் ஆறாக ஓடிக்கொண்டிருந்தது. இடுப்பளவு இருக்கும். நடந்து போக முடியாத ஆழமில்லை. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இரண்டு பேர் தலையில் பையை வைத்துக்கொண்டு அதில் இறங்கி நடந்து போனார்கள்.

அவன் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தான். அஞ்சம்மாள் போன் செய்தார். "வந்துக்கிட்டே இருக்கேன்க்கா," என்றான். அதற்குப் பிறகு வந்த ஆறு அழைப்புகளை அவன் எடுக்கவில்லை. நான்கு மணிக்குக் காரைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

கிடங்கில் என்ன நடந்தது என்பதை இரண்டு நாள் கழித்துச் சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது அஞ்சம்மாள்தான் அவனிடம் சொன்னார். டெங்கில் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்து, சிறு வயதிலேயே வேலைக்கு வந்தவர். லோகன் செக்கராகச் சேர்ந்த அன்று அவனுக்குக் கையுறை எடுத்துக் கொடுத்தவரே அவர்தான். ஆட்கள் முன்னால் அவனை 'பாஸ்' என்பார். தனியாக இருந்தால் 'தம்பி'. அன்றைக்கு அவர் எல்லோரையும் படியேற்றி மாடி அலுவலகத்துக்குக் கொண்டுபோயிருக்கிறார். வாடிக்கையாளரின் பிஸ்கட் பெட்டிகளையும் தண்ணீர் பாட்டில் பெட்டிகளையும் உடைக்கச் சொன்னதும் அவரே. "யாராவது கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்," என்றாராம். வாசல் கேட்டில் மாட்டிக்கொண்ட, ஜாகா என்று எல்லோரும் கூப்பிடும் நேப்பாளக்காரக் காவலாளியை, சரக்கு அடுக்கும் நான்கு மரப் பாலேட்டுகளைக் கயிற்றால் கட்டி மிதக்கவிட்டு இழுத்து வந்திருக்கிறார்கள். இருட்டிய பிறகு யாரும் தூக்கத்தில் படியோரத்திலிருந்து உருண்டு தண்ணீரில் விழுந்துவிடக் கூடாதே என்று மணிக்கொரு தடவை ஒவ்வொருவர் பெயரையும் சொல்லிக் கூப்பிட்டாராம். மறுநாள் மதியம் தீயணைப்புப் படையான போம்பாவின் படகு வந்தது. ஜாகாவோடு சேர்த்துப் பன்னிரண்டு பேரும் பிழைத்தார்கள்.

'நீ ஏன் வரவில்லை' என்று அவர் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. மிஸ்டர் டான் வந்து பார்த்தபோது லோகன் முழங்கால் வரை சேறோடு நின்றிருந்தான். எப்படிச் சமாளித்தீர்கள் என்று அவர் ஆங்கிலத்தில் கேட்டார். "நாங்க சமாளிச்சுட்டோம் பாஸ்," என்றான். அந்த 'நாங்க'வில் அவன் இருந்தானா இல்லையா என்று அவர் துருவவில்லை. அடுத்த வருடம் பதவி உயர்வு வந்தது.

கட்டுரையை எழுத உட்கார்ந்தபோது முதல் வரியை அவன் உண்மையாகத்தான் எழுதினான். காரை எடுக்கப் போனேன் என்று. அதற்கு அடுத்த வரி வரவில்லை. காப்பி போட்டுக் குடித்துவிட்டு வந்து அந்த வரியை அழித்தான். எல்லோரையும் மாடிக்கு ஏற்றினேன் என்று ஆரம்பித்தான். அதன் பிறகு கை நிற்கவில்லை. பெட்டியை உடைக்கச் சொன்னேன். பாலேட்டுகளைக் கட்டினோம். மணிக்கொரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். அஞ்சம்மாளை 'மூத்த ஊழியர் ஒருவர் உதவியாக இருந்தார்' என்று ஒரே இடத்தில் எழுதினான்.

எண்பத்தெட்டு மதிப்பெண் வந்தது. வகுப்பில் அதுதான் அதிகம். பெயர் கூப்பிட்ட பகுதியை டாக்டர் நஸ்ரின் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். "தலைமைக் கோட்பாடு எதையும் இவர் தேடிப் போகல. பயந்தவங்களுக்கு முதல்ல என்ன வேணும்னு தெரிஞ்சிருக்கு. தான் இருக்கறத ஒருத்தர் கவனிக்கிறாங்கங்கற நம்பிக்கை," என்றார். பின்வரிசையிலிருந்து யாரோ கை தட்ட, மற்றவர்களும் தட்டினார்கள். இடைவேளையில் பிரவின் என்ற வகுப்புத் தோழன் வந்து தோளைப் பிடித்தான். "ப்ரோ, பயமா இல்லியா உங்களுக்கு?"

"பயம் இருந்துச்சு. ஆனா காட்டிக்க முடியாதுல்ல," என்றான் லோகன்.

அந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. எழுதியதாவது உட்கார்ந்து யோசித்து எழுதிய பொய். இது கேட்ட மாத்திரத்தில் வந்து விழுந்தது. அன்றைக்கு ரயிலில் பக்கத்தில் யாரும் உட்காராதது நல்லதாகப் போயிற்று என்றிருந்தது அவனுக்கு.

அடுத்த பருவத்தில் ஒவ்வொரு மாணவரைப் பற்றியும் அவரிடம் வேலை செய்கிறவர்கள் கருத்துச் சொல்ல வேண்டும். கல்லூரி ஒரு படிவத்தின் இணைப்பைக் கம்பெனிக்கு அனுப்பும். கம்பெனியின் மனிதவளப் பிரிவு ஐந்து பேரைத் தேர்ந்தெடுக்கும். யார் என்ன சொன்னார்கள் என்பது வெளியே தெரியாது. இருபத்து நான்கு கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மதிப்பெண். லோகன் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. ஆட்கள் எல்லாவற்றுக்கும் நாலும் ஐந்துமாகப் போட்டுவிடுவார்கள் என்றுதான் இருந்தான்.

கடைசி நாள் மதியம் அஞ்சம்மாள் அவன் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கையில் போன்.

"தம்பி, இத இன்னிக்குள்ள அனுப்பணுமாம். ஒரே இங்கிலீஷா இருக்கு. கொஞ்சம் படிச்சுச் சொல்றீங்களா?"

லோகன் வாங்கிப் பார்த்தான். அந்தப் படிவம். "அக்கா, இத நான் பாக்கக் கூடாது. என்னப் பத்திக் கேட்டிருக்காங்க. ஆபீஸ் பொண்ணுகிட்ட கேளுங்க."

"அது இன்னிக்கு லீவு."

"சதீஷ்குமார்கிட்ட கேக்கலாமே." சதீஷ்குமார் வேலை பெர்மிட்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்து ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். வெள்ளத்தன்று அவனும் இருந்தான்.

"அவனுக்கும் வந்திருக்கு. அவன் எதையோ போட்டு அனுப்பிட்டான். அவன்கிட்ட போய் நின்னா இந்த அக்காவுக்குப் படிக்கத் தெரியலன்னு ஊரெல்லாம் பேசுவானுங்க லா. உங்களப் பத்தித்தானே? உங்ககிட்டயே சொல்லிடறேன். நான் என்ன மறைச்சா பேசப் போறேன்?" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நம்ம லோகன் மாஸ்டர் படிக்கிறான்னு எம் மககிட்ட சொன்னேன். அவளுக்கு ரொம்ப சந்தோஷம்."

வேறு வழியில்லாமல் லோகன் படிக்க ஆரம்பித்தான். கேள்வியைத் தமிழில் சொல்வான். அவர் எண்ணைச் சொல்வார். அவன் அதை அமுக்குவான். வேலையைத் தெளிவாகப் பிரித்துக் கொடுக்கிறாரா? அஞ்சு. நேரத்துக்கு வருகிறாரா? அஞ்சு. நீங்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிறாரா?

அஞ்சம்மாள் கொஞ்சம் யோசித்தார். "மூணு போடுங்க. கேப்பீங்க. ஆனா போனைப் பாத்துக்கிட்டே கேப்பீங்க."

லோகன் மூன்றை அமுக்கினான். அவர் ஏனோதானோவென்று சொல்லவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் பரீட்சை எழுதுகிறவர் போல உள்ளே வாங்கி, நினைத்துப் பார்த்து, பிறகுதான் சொன்னார். அதுதான் அவனை வாட்டியது.

பதினாறாவது கேள்வி: மற்றவர்கள் செய்த நல்ல வேலைக்கு அவர்களுக்கே பெயர் கிடைக்கும்படி பார்த்துக்கொள்கிறாரா?

"அது எனக்கு எப்படித் தம்பி தெரியும்?" என்றார் அஞ்சம்மாள். "நீங்க மேல போய் யார்கிட்ட என்ன பேசறீங்கன்னு நான் கண்டேனா? நடுவுல ஒரு மூணு போடுங்க."

அவன் போட்டான். அடுத்த கேள்வி திரையில் வந்தது. நெருக்கடியான நேரத்தில் தன் ஆட்களோடு கூடவே நிற்கிறாரா? லோகன் அதைப் படிக்காமல் திரையைத் தள்ளி, அதற்கடுத்ததைச் சொல்லத் தொடங்கினான்.

"பதினேழ விட்டுட்டீங்களே," என்றார் அஞ்சம்மாள். ஆங்கிலம் தெரியாவிட்டால் என்ன, எண்கள் தெரியுமே. விரலை நீட்டித் திரையைக் காட்டினார். "பதினாறுக்கு அப்புறம் பதினெட்டுக்குப் போயிட்டீங்க."

லோகன் திரையை மேலே தள்ளினான். அந்தக் கேள்வியைத் தமிழில் சொன்னான்.

கீழே ஃபோர்க்லிஃப்ட் பின்னால் போகும் சத்தம் கேட்டது. அஞ்சம்மாள் மேசையின் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்புத் துண்டை நகத்தால் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"இத சும்மா விட்டுடலாமா?" என்று கடைசியில் கேட்டார்.

"விட முடியாதுக்கா. ஏதாவது ஒண்ணு அமுக்கினாத்தான் அனுப்ப முடியும்."

"அப்ப நீங்களே ஒண்ணு அமுக்குங்க. நான் பாக்கல." அவர் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். கோபமாகத் திரும்பவில்லை. ஒருவர் உடை மாற்றும்போது மற்றவர் திரும்பிக்கொள்வது போல இருந்தது அது.

லோகனின் விரல் திரைக்கு மேலே நின்றது. ஒன்றை அமுக்கியிருக்கலாம். ஐந்தை அமுக்கினால் அதிகமாகத் தெரியும் என்று நினைத்தான். நான்கை அமுக்கினான். அமுக்கிய அதே நொடியில், தான் போட்ட கணக்கு என்னவென்பதும் அவனுக்குத் தெரிந்தது. மீதிக் கேள்விகளை எப்படிப் படித்தான் என்று நினைவில்லை.

"முடிஞ்சிருச்சா? டேங்க்யூ தம்பி," என்று போனை வாங்கிக்கொண்டு அவர் போனார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

மூன்று வாரம் கழித்து டாக்டர் நஸ்ரின் ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டு முடிவைக் காட்டினார். லோகனின் முறை வந்தபோது மதியம் மூன்று மணி. சின்ன அறை. அவர் லேப்டாப்பை அவன் பக்கம் திருப்பி வைத்தார்.

"பொதுவா நல்லாத்தான் இருக்கு. இந்த ஒரு கேள்விதான் எனக்குப் புரியல," என்று பதினேழைக் காட்டினார். ஐந்து பேரில் நான்கு பேர் ஒன்று போட்டிருந்தார்கள். ஒருவர் நான்கு. "நீங்க எழுதினதிலயே ரொம்ப நல்ல கட்டுரை இதப் பத்தினது. நீங்க காப்பாத்தின ஆட்களே ஏன் இப்படிப் போடறாங்க?"

லோகன் அந்த எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். யாருமே கேட்கவில்லை என்பதால் எல்லோரும் மறந்துவிட்டார்கள் என்று மூன்று வருடம் நினைத்திருந்தான். நான்கு பேர். தினமும் காலையில் 'மார்னிங் பாஸ்' என்று சொல்கிற நான்கு பேர்.

"பெர்மிட்ல வந்தவங்க டாக்டர். இங்கிலீஷ் அவ்வளவா தெரியாது. ஒண்ணுன்னா முதல் இடம்னு நெனச்சிருப்பாங்க," என்றான்.

"மத்த கேள்விக்கெல்லாம் சரியா நாலு, அஞ்சுன்னு போட்டிருக்காங்களே."

லோகன் லேப்டாப்பை அவர் பக்கமே திருப்பி வைத்தான்.

"வேணும்னா தமிழ்லயும் மலாய்லயும் எழுதி மறுபடியும் கேக்கலாம். நானே ஒருநாள் உங்க இடத்துக்கு வந்து பேசறேன். பெயரைக் கூப்பிட்டதப் பத்தியும் அவங்க வாயால கேட்டுக்கலாம்." அவர் சந்தேகப்பட்டுச் சொன்னாரா, உதவுவதற்காகச் சொன்னாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. நாட்குறிப்பை எடுத்துத் தேதி பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

"வேணாம் டாக்டர்," என்றான் லோகன். "அந்தக் கட்டுரையில இருக்கறது நான் இல்ல."

அவர் நிமிர்ந்தார்.

சொல்லத் தொடங்கியதும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். மேட்டில் நிறுத்திய கார், எடுக்காத ஆறு போன், அஞ்சம்மாள். "ஒருத்தர் போட்டதா இருக்கற அந்த நாலும் நான் போட்டதுதான்," என்று கடைசியில் சொன்னான். "அஞ்சம்மாள் அக்காவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. என்கிட்ட குடுத்தாங்க."

டாக்டர் நஸ்ரின் லேப்டாப்பை மூடினார். அவர் திட்டினால் நன்றாக இருக்கும் என்று லோகன் எதிர்பார்த்தான். அவரோ, "நான் அத வகுப்புல வாசிச்சேன்," என்றார். "இந்த வருஷம் வேற ரெண்டு வகுப்புலயும் வாசிச்சேன். உங்க பேரைச் சொல்லி."

"சாரி டாக்டர்."

"இத நான் எழுதிக் குடுத்துத்தான் ஆகணும் லோகன். ஒழுங்கு விசாரணைக்குப் போகும். கம்பெனிதானே உங்கள அனுப்புது, அவங்களுக்கும் கடிதம் போகும். உங்களுக்குக் குடும்பம் இருக்குன்னு தெரியும். இருந்தாலும் நான் எழுதுவேன்."

"எழுதுங்க," என்றான். எழுந்தபோது நாற்காலி சுவரில் இடித்தது. அதற்கும் ஒரு சாரி சொன்னான்.

அன்றைக்கு ரோகிணியிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது. வெள்ளத்தன்று வீட்டுக்கு வந்தபோது அவள் அழுதுகொண்டே அவனைக் கட்டிக்கொண்டாள். ஆட்களைப் பத்திரமாக ஏற்றிவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் காருக்கு நடந்து வந்தேன் என்று அவளிடம் சொல்லியிருந்தான். இப்போது சமையலறையில் நின்று உண்மையைச் சொன்னான். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"இடுப்பளவு தண்ணியில வந்தேன்னீங்க. துணி துவைக்கப் போடறப்ப பாத்தேன். பெல்ட்டு கூட நனையல." தண்டை ஒடித்துத் தட்டில் போட்டாள். "உயிரோட வந்தீங்களே, அது போதும்னு இருந்துச்சு. அதான் கேக்கல. ஆனா நீங்க அதையே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருந்தது எனக்குப் புடிக்கல. தீபாவளிக்கு எங்க அண்ணன் வந்தப்ப சொன்னீங்க பாருங்க, அப்ப நான் எந்திரிச்சு உள்ள போயிட்டேன்."

அவள் எழுந்து போனது அவனுக்கு ஞாபகமே இல்லை. மூன்று வருடமாக இந்த வீட்டில் தன் மனைவி முன்னால் அம்மணமாக நடமாடியிருக்கிறோம் என்று தோன்றியது. அவளை நிமிர்ந்து பார்க்க முடியாமல் குழாயைத் திறந்து கையைக் கழுவினான்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அஞ்சம்மாளைத் தேடிப் போனான். பேக்கிங் மேசையின் ஓரத்தில் டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தார். "என்ன தம்பி, சாப்பிட்டாச்சா?" என்றார். லோகன் நின்றுகொண்டே சொன்னான். காரைப் பற்றிச் சொன்னபோது அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். கட்டுரையைப் பற்றிச் சொன்னபோது கை நின்றது.

"நீங்க போனத நான் என்னிக்கோ விட்டுட்டேன்," என்றார். "பயம் யாருக்குத்தான் வராது? எனக்கும் கால் நடுங்குச்சு. ஆனா பேரு கூப்பிட்டத எழுதினீங்களா? நீங்க கூப்பிட்ட மாதிரியா?"

"ஆமாக்கா."

"நான் எதுக்குக் கூப்பிட்டேன் தெரியுமா? எனக்குப் பயமா இருந்துச்சு. அவனுங்க 'இருக்கேன்க்கா'ன்னு சொல்றது கேட்டாத்தான் எனக்கு மூச்சு வந்துச்சு. அதுக்குத்தான் கூப்பிட்டேன். அத எடுத்துக்கிட்டுப் போய் பரீட்சையில எழுதி மார்க்கு வாங்கினீங்களா?" அவர் குரல் உயரவில்லை. "அந்த நாலு பாலேட்டுல வந்தானே, ஜாகா. அவன் பேரு என்னான்னு எழுதினீங்க?"

லோகன் கட்டுரையில் ஒரு பெயர் போட்டிருந்தான். நேப்பாளப் பெயர்களில் அவனுக்குத் தெரிந்த ஒன்று. உண்மையான பெயர் அவனுக்குத் தெரியாது.

அவன் முகத்தைப் பார்த்தே அஞ்சம்மாளுக்குப் புரிந்துவிட்டது. டப்பாவை மூடினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. "சரி பாஸ். மணி ஆகுது," என்று எழுந்து போனார். சுற்றிலும் யாருமில்லை. இருந்தும் பாஸ் என்றார்.

விசாரணை ஒரு மாதம் நடந்தது. அந்தப் பாடத்துக்குச் சுழியம் போட்டு, ஒரு பருவம் படிப்பை நிறுத்தி வைத்தார்கள். விரும்பினால் திரும்ப வந்து அதே பாடத்தை மறுபடியும் படிக்கலாம். கடிதம் வருவதற்கு முன்பே மிஸ்டர் டானிடம் போய்ச் சொல்லிவிட்டான். வேலை போகும் என்றுதான் நினைத்தான். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்றைக்கு எல்லோரும்தான் ஓடினோம், நான் என் அம்மாவைப் பார்க்க ஓடினேன் என்றார். படிப்பைப் பிறகு பார்க்கலாம், இப்போதைக்கு இதை வெளியே பேச வேண்டாம் என்றார். மன்னிப்பு இவ்வளவு மலிவாகக் கிடைத்ததில் லோகனுக்கு இன்னும் கூசியது. வெளியே பேச வேண்டாம் என்றதைக் கேட்டதும் தன் மனம் ஒரு கணம் லேசானதையும் அவன் கவனித்தான்.

அந்த மாதக் கடைசியில் அஞ்சம்மாள் இடமாற்றம் கேட்டு எழுதிக் கொடுத்தார். சுங்கை வே என்ற இடத்தில் கம்பெனிக்கு ஒரு சின்னக் கிளை உண்டு. மகள் வீடு அந்தப் பக்கம்தான். காரணம் என்ற இடத்தில் 'சொந்தக் காரணம்' என்று மலாயில் எழுதியிருந்தார். மேனேஜர் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் லோகன் கையெழுத்துப் போட்டான்.

கடைசி நாள் மதியம் ஆட்களெல்லாம் சேர்ந்து ஒரு கேக் வாங்கி வந்தார்கள். பேக்கிங் மேசையைத் துடைத்து, பழைய பெட்டி அட்டையை விரித்து அதன் மேல் வைத்தார்கள். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் உட்பட முப்பது பேர் இருப்பார்கள். மிஸ்டர் டானும் இறங்கி வந்திருந்தார். "பாஸ், ரெண்டு வார்த்த பேசுங்க," என்றான் சதீஷ்குமார். எல்லாப் பிரிவுபசாரத்திலும் மேனேஜர்தான் பேசுவார். வேறு காரணமில்லை.

லோகன் முந்தைய நாளே ஒரு தாளில் எழுதி வைத்திருந்தான். எடுத்துப் பிரித்தான். "அஞ்சம்மாள் அக்காவோட பொறுப்புணர்வும் தலைமைத்துவமும் நம்ம நிறுவனத்தோட..." அங்கேயே நின்றது. அது கல்லூரியில் எழுதுகிற வாக்கியம். நிமிர்ந்து பார்த்தான். அஞ்சம்மாள் கேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாளை மடித்துப் பையில் வைத்தான்.

"வெள்ளம் வந்த அன்னிக்கு நான் இங்க இல்ல," என்றான். "காரை விட்டுட்டு வரேன்னு சொல்லிட்டு வீட்டுக்குப் போயிட்டேன். அக்கா போன் பண்ணாங்க. எடுக்கல. இங்க இருந்த பன்னெண்டு பேரையும் காப்பாத்தினது அவங்கதான். அத நான் செஞ்சதா வெளிய சொல்லிக்கிட்டேன். படிக்கிற இடத்துல எழுதவும் எழுதினேன். அது... தப்பு. அவ்வளவுதான்."

யாரும் கை தட்டவில்லை. புதுப் பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மிஸ்டர் டானுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொன்னான் என்று கேட்டார். அவர் பதில் சொல்லாமல் சிரித்து மழுப்பினார். லோகன் அதையே ஆங்கிலத்தில் இன்னொரு முறை சொன்னான். இரண்டாவது முறை சொல்வது இன்னும் கேவலமாக இருந்தது. மிஸ்டர் டான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். சதீஷ்குமார் தன் பூட்ஸ் நுனியால் தரையில் எதையோ தேய்த்தான்.

அஞ்சம்மாள் அவனைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று லோகனால் சொல்ல முடியவில்லை. நன்றி இல்லை. முன்பிருந்த பிரியமும் இல்லை. எடை போட்டுப் பார்ப்பவர் போல ஒரு கணம் பார்த்தார். பிறகு கத்தியை எடுத்தார்.

"சரி சரி, கேக்க வெட்டுவோம். மூணு மணிக்கு லோரி வந்துரும்."

எல்லோரும் நிம்மதியாக அசைந்தார்கள். காகிதத் தட்டுகள் கை மாறின. அஞ்சம்மாள் ஒவ்வொருவருக்கும் தானே வெட்டிக் கொடுத்தார். லோகன் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தான். அவனுக்கு ஒரு தட்டு வந்தது, யாரோ கை வழியாக. அதை வாங்கிக்கொண்டு சுவரோரமாக நின்று சாப்பிட்டான். கீழே வைக்காமல் கடைசித் துண்டு வரை சாப்பிட்டு முடித்தான். வெளியே லோரி ஹாரன் அடித்ததும் எல்லோரும் அவரவர் வேலைக்குக் கலைந்தார்கள்.